குறை சொல்லவும் பதவி வேண்டும்: காலனியப் போலீசின் சம்பளமும் சேரியின் கணக்கும்

போலீஸ் என்றால் நமக்குத் தெரிந்த வரலாறு அடியின் வரலாறுதான். லத்தி, பூட்ஸ், லாக்கப், பொய் வழக்கு, ராத்திரியில் சேரிக்குள் நுழையும் லாரி. இதையெல்லாம் எழுதியிருக்கிறோம், இன்னும் எழுதவேண்டியிருக்கிறது. ஆனால் அடித்த கைக்கு மாசம் என்ன கூலி, அது பத்தாதபோது அவன் யாரிடம் போய்ச் சொன்னான், சொன்னதைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்விகளை நாம் அதிகம் கேட்டதில்லை. 'அவனுக சம்பளம் நமக்கெதுக்கு?' என்று தோழர்கள் கேட்கலாம். எதுக்குன்னா, அரசு அவனுக்குக் கொடுக்காத மிச்சச் சம்பளத்தைக் கொடுத்தவர்கள் நாம். கோழியாகக் கொடுத்தோம், கூலியில்லாத வேலையாகக் கொடுத்தோம், சந்தையில் விற்ற காசில் பங்காகக் கொடுத்தோம். ஒன்றுமில்லாதவன் முதுகைக் கொடுத்தான். ஆகவே போலீசின் சம்பளக் கணக்கு நம்முடைய கணக்கும்தான்.

வெள்ளைக்காரன் காலத்துப் போலீசுக்குள் சம்பளம் பற்றியும் பதவி பற்றியும் எல்லாத் தட்டிலும் குமுறல் இருந்தது. லண்டனில் பரீட்சை எழுதி வந்த துரைக்கும் இருந்தது, ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு நின்ற கான்ஸ்டபிளுக்கும் இருந்தது. அந்தக் குமுறலை அரசு எப்படிக் கையாண்டது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. மேல்தட்டின் குறைக்குக் கமிஷன். நடுத்தட்டின் குறைக்குப் புதுசாக ஒரு பதவிப் பெயர். அடித்தட்டின் குறைக்கு ஒன்றிரண்டு ரூபாயும் ஒரு சட்டமும். அதற்கும் கீழே இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் குறை சொல்வதற்கே ஒரு இடம் இருக்கவில்லை. சாதிப் படிநிலை எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியும். அதே மாதிரிதான் இதுவும் வேலை செய்தது.

1

நவீன போலீஸ் சென்னை மாகாணத்தில் பிறந்த கதையே சித்திரவதையில் தொடங்குகிறது. வரி வசூலும் காவலும் அன்று ஒரே கையில் இருந்தன. தாசில்தாரும் அவருக்குக் கீழிருந்த சேவகர்களும்தான் வரி வாங்கினார்கள், திருடனையும் பிடித்தார்கள். வரி கட்டாதவனை வெயிலில் குனிய வைப்பது, கட்டி வைத்து அடிப்பது, விரலை நசுக்குவது எல்லாம் அன்றாட நடைமுறை. இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் பிரச்சினை கிளம்பியதும் 1854இல் சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1855இல் அறிக்கை வந்தது. சித்திரவதை நடப்பது உண்மை என்று கம்பெனி அரசே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகுதான் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் வந்தது; சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் உருவானது. இரண்டு வருஷம் கழித்து வந்த 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் மற்றப் பகுதிகளுக்கும் இதே மாதிரியைக் கொண்டுபோனது. வரி வசூலிலிருந்து காவலைப் பிரித்துவிட்டால் சித்திரவதை ஒழியும் என்றார்கள். சேவகன் போனான், கான்ஸ்டபிள் வந்தான். ஆனால் கூலி கொடுக்கும் முறை அப்படியே இருந்தது. கொஞ்சம் கொடு, மிச்சத்தை அவன் ஊரில் பார்த்துக்கொள்ளட்டும்!

1861ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். கீழ்நிலைப் போலீஸ்காரனை என்னவெல்லாம் செய்யலாம் என்று அதில் பட்டியலே இருக்கிறது. வேலையை விட்டு நீக்கலாம், தற்காலிகமாக நிறுத்தலாம், பதவி இறக்கலாம். ஒரு மாசச் சம்பளம் வரை அபராதம் போடலாம். பதினைந்து நாள் வரை லைனிலேயே அடைத்து வைத்து டிரில் வாங்கலாம், கூடுதல் பாரா போடலாம். இரண்டு மாதம் முன்கூட்டிச் சொல்லாமல் வேலையை விட்டுப் போகக்கூடாது. கடமை தவறினால் மூன்று மாசச் சம்பளம் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை. பதவி இறக்குவதற்கு இவ்வளவு வழி எழுதி வைத்தவர்கள், பதவி உயர்வு கேட்கவும் சம்பளக் குறை சொல்லவும் ஒரு வழியும் அவனுக்கு எழுதி வைக்கவில்லை. பண்ணையாளுக்கும் ஆண்டைக்கும் இருந்த உறவைக் காக்கிக்குள் தைத்துப் போட்ட மாதிரி இருக்கிறது இது.

2

இப்போது மேல்தட்டுக்குப் போவோம். மாவட்ட சூப்பிரண்டு போன்ற பெரிய பதவிகள் வெள்ளையருக்கானவை. தொடக்கத்தில் ராணுவத்திலிருந்து பலர் வந்தார்கள், சிபாரிசில் சிலர் வந்தார்கள். 1893 முதல் லண்டனில் போட்டிப் பரீட்சை வைத்து ஆள் எடுத்தார்கள். அந்தப் பரீட்சையை இந்தியர் எழுத முடியாது. 1920க்குப் பிறகுதான் இந்தப் பணிக்கு நேரடித் தேர்வில் இந்தியரைச் சேர்த்தார்கள்.

இந்தத் துரைமாருக்கும் பெரிய மனக்குறை இருந்தது. கலெக்டராக வருகிற ஐ.சி.எஸ். காரனைவிடத் தங்களுக்குச் சம்பளம் குறைவு, மதிப்புக் குறைவு, மாவட்டத்தில் அவனுக்குக் கீழே கைகட்டி நிற்கவேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வருத்தம். அவர்கள் வருத்தப்பட்டால் லண்டன் அசையும். 1912இல் இஸ்லிங்டன் பிரபு தலைமையில் ராயல் கமிஷன் வந்தது. பொதுப்பணிகளின் சம்பளம், பதவி, பென்ஷன் அத்தனையையும் ஆராய்ந்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு, இந்திய மந்திரிகள் இருக்கும் ஆட்சியில் வேலை செய்ய இஷ்டமில்லாதவர்கள் செய்த வேலைக்கு ஏற்ற பென்ஷனோடு முன்கூட்டியே போகலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். கோபித்துக்கொண்டு போனாலும் பென்ஷன்!

அப்புறம் 1923இல் லீ பிரபுவின் கமிஷன். 1924இல் அது கொடுத்த அறிக்கை, வெள்ளை அதிகாரிகளின் குறை தீர்ப்பதற்கு ஒரு பாடப்புத்தகம். கடல் கடந்து வந்து வேலை செய்வதற்குத் தனிப்படி. அதைப் பவுன் கணக்கில் சாதகமான மாற்று விகிதத்தில் ஊருக்கு அனுப்பும் வசதி. அதிகாரிக்கும் மனைவிக்கும் பணிக்காலத்தில் நான்கு முறை கப்பலில் போய்வரச் செலவு, பிள்ளைகளுக்கும் கப்பல் டிக்கெட். 1924 செப்டம்பரில் மத்திய சட்டசபையில் மோதிலால் நேரு கொண்டுவந்த திருத்தம் நிறைவேறி அந்தச் சிபாரிசுகள் நிராகரிக்கப்பட்டன. அதனால் என்ன? அரசு பெரும்பாலானவற்றை நடைமுறைப்படுத்திவிட்டது. போலீஸ் மேல்பணியில் பாதிப்பேர் இந்தியராக ஆவதற்கு அதே கமிஷன் வைத்த கெடு 25 வருஷம். 1924இலிருந்து எண்ணினால் 1949. வெள்ளையன் கப்பலேறியதே 1947இல்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதிகாரிகள் சங்கம் வைத்துக்கொண்டார்கள். சங்கத்தின் பெயரால் மனுக் கொடுத்தார்கள், கமிஷன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து சாட்சியம் சொன்னார்கள். அதை யாரும் கலகம் என்று சொல்லவில்லை. அவர்கள் கேட்டதற்குப் பெயர் 'பணியின் நலன்'. கான்ஸ்டபிள் அதையே கேட்டபோது அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

3

நடுத்தட்டு என்பது இந்திய இன்ஸ்பெக்டர்களும், அந்த இடத்துக்கு வர ஆசைப்பட்ட படித்த வர்க்கமும். 1902இல் கர்சன் பிரபு ஆண்ட்ரூ பிரேசர் என்பவர் தலைமையில் ஒரு போலீஸ் கமிஷன் போட்டார். 1903இல் எழுதிய அறிக்கையை 1905இல்தான் வெளியிட்டார்கள். போலீஸ் திறமையற்றது, ஊழல் நிறைந்தது, மக்களை ஒடுக்குகிறது, மக்களின் நம்பிக்கையைப் பெறவில்லை என்று அந்த அறிக்கை போட்டு உடைத்தது. இதைச் சொன்னவர்கள் காங்கிரஸ்காரர்களோ கலகக்காரர்களோ கிடையாது, அரசாங்கம் நியமித்த கனவான்கள்.

இந்திய அதிகாரிகளின் பதவிக் குறைக்கு அந்தக் கமிஷன் கண்டுபிடித்த மருந்து 'டெபுடி சூப்பிரண்டு' என்ற பதவி. துரைமாரின் பணி வேறு, இது வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அது மாகாணப் பணி, சம்பளமும் தனி. அதற்கு மேலே போகும் கதவு விதிவிலக்காக ஒரு சிலருக்குத்தான் திறக்கும். டெபுடி என்ற பெயரைக் கொடுத்துவிட்டு சூப்பிரண்டு என்ற அதிகாரத்தை வைத்துக்கொண்டார்கள். தேர் இழுக்க எல்லாரையும் கூப்பிட்டு, மேலே ஏறி உட்காருவதற்கு மட்டும் சிலரை வைத்திருக்கிற ஊர்த் திருவிழா நமக்குத் தெரியாததா?

அதே கமிஷன் இன்னொரு வேலையும் செய்தது. அதுவரை சென்னை மாகாணத்தில் ஸ்டேஷன் பொறுப்பில் இருந்தவர் ஏட்டு. கீழிருந்து கான்ஸ்டபிளாக வந்து ஏட்டு ஆனவர் ஸ்டேஷனை நடத்தினார். படிக்காத ஆள் கையில் புலன்விசாரணை இருப்பதால்தான் ஊழல் என்று முடிவு செய்து, சப்-இன்ஸ்பெக்டர்களைப் பெரும்பாலும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னது கமிஷன். சம்பளம் 50 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை. படித்த, 'நல்ல குடும்பத்து'ப் பையன்கள் வேலூர்ப் பள்ளியில் பயிற்சி முடித்து நேராக ஸ்டேஷன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படித்த 'நல்ல குடும்பம்' எது? அக்கிரகாரமும் வெள்ளாளத் தெருவும்தான். கீழிருந்து மேலே போகும் ஏணியில் ஒரு படியைப் பிடுங்கி, அதைப் பக்கத்திலிருந்து ஏறுகிறவனுக்குப் போட்டுக் கொடுத்தார்கள். நிர்வாகச் சீர்திருத்தம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் இதை எழுதுகின்றன. ஏட்டய்யாவின் கண்ணால் பார்த்தால் இது பதவிப் பறிப்பு.

4

கான்ஸ்டபிளுக்கு அந்தக் கமிஷன் சிபாரிசு செய்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 8 ரூபாய். இது உயர்த்திக் கொடுத்த சம்பளம் என்பதை மறந்துவிடக்கூடாது! சப்-இன்ஸ்பெக்டரின் ஆரம்பச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இதில் குடும்பம் நடத்தவேண்டும், பெண்டாட்டி பிள்ளையை ஊரிலிருந்து கூட்டிவர வேண்டும், மாற்றலாகிப் போகும்போது சட்டிபானை தூக்கவேண்டும்.

எட்டு ரூபாயில் பிழைக்க முடியாது என்று கமிஷன் உட்கார்ந்திருந்த கனவான்களுக்குத் தெரியாதா? குறைந்த சம்பளம்தான் லஞ்சத்துக்கு ஒரு காரணம் என்று அவர்களே பேசினார்கள். ஆனால் அரசாங்கத்துக்கு இன்னொரு கணக்கு இருந்தது. லட்சத்துக்கு மேல் ஆட்களைக் கொண்ட படையில் ஆளுக்கு ஒரு ரூபாய் ஏற்றினாலும் கஜானாவிலிருந்து பெரிய தொகை போகும். ஏற்றாவிட்டால் அந்தத் தொகை ஊரிலிருந்து வரும். தமிழில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, 'மாமூல்'. வழக்கம் என்று அர்த்தம். லஞ்சம் என்று சொன்னால் குற்றமாகிவிடும். வழக்கம் என்றால் அது சம்பளத்தின் ஒரு பகுதி.

மாமூலை யார் கொடுப்பது? மிராசுதார் கொடுத்தால் அது நட்பு. அவர் வீட்டுத் திண்ணையில் இலை போட்டுச் சாப்பாடு, பதிலுக்கு அவர் சொன்ன ஆள் மேல் கேஸ். கள்ளுக்கடைக்காரன், வண்டிக்காரன், சந்தையில் கூடை வைத்து உட்கார்ந்தவள், செத்த மாட்டுத் தோலை விற்கப் போனவன் கொடுத்தால் அது பயம். 'சர்க்கார் உப்பு மட்டுந்தான் போடும், சோறு நாமதான் போடணும்' என்று சேரிப் பெரியவர்கள் போலீசைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பொருளாதாரம் படித்தவர் எழுதியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க முடியாது. சம்பளக் குறையை அரசு தீர்க்கவில்லை. அதை மேலேயிருந்து கீழே தள்ளிவிட்டது. தள்ளிய இடத்தில் இருந்தது சேரி.

முதல் உலகப்போர் முடியும் நேரத்தில் விலைவாசி எகிறியது. 1918 செப்டம்பரில் சென்னை நகரத்திலும் மாகாணத்தின் பல இடங்களிலும் அரிசிக்கடைகளையும் சந்தைகளையும் ஜனங்கள் சூறையாடினார்கள். அவர்களைத் தடுக்க நிறுத்தப்பட்ட கான்ஸ்டபிளின் வீட்டிலும் அதே விலைக்குத்தான் அரிசி வாங்கவேண்டும். பசித்தவனைச் சுடப் பசித்தவனையே நிறுத்தினார்கள்.

அதற்குச் சில வாரம் முன்பு, 1918 ஆகஸ்ட் 30இல், லண்டன் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் ஏறியது. 1919இல் லண்டனிலும் லிவர்பூலிலும் மறுபடி வேலைநிறுத்தம். இந்த முறை இறங்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டே துரத்தினார்கள். ஆனாலும் 1919ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சங்கத்தைத் தடைசெய்துவிட்டு, அதற்குப் பதிலாகப் 'போலீஸ் பெடரேஷன்' என்று ஒரு அமைப்பைக் கொடுத்தது. பல்லைப் பிடுங்கினாலும் வாயை விட்டு வைத்தார்கள்.

இந்தியாவில் வந்தது 1922ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம். போலீஸ்காரர்களிடையே அதிருப்தியைத் தூண்டுவதைக் குற்றமாக்கிய சட்டம். ஒத்துழையாமை இயக்கம் போலீசை வேலையை விடச் சொன்ன நேரம் அது. போலீஸ்காரனை வேலை செய்யாமல் நிறுத்தத் தூண்டினாலோ அரசின் மேல் வெறுப்பு உண்டாக்கினாலோ ஆறு மாதம் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அரசு அங்கீகரித்த சங்கம் விதிப்படி செய்யும் காரியத்துக்கு மட்டும் விலக்கு. யாருடைய சங்கத்தை அரசு அங்கீகரிக்கும் என்பதுதான் கேள்வி. அதே இரண்டு வருஷத்துக்குள் துரைமார் லீ கமிஷன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே துறை, ஒரே காலம். மேலே இருப்பவன் குறை சொன்னால் சாட்சியம், கீழே இருப்பவன் குறை சொன்னால் அதிருப்தி!

5

இதுவரை பேசியது சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்களைப் பற்றி. பெயரே இல்லாத காவல்காரர்களைப் பற்றிப் போலீஸ் வரலாறு எழுதும் ஆய்வாளர்கள் அதிகம் பேசுவதில்லை.

கிராமத்தில் தலையாரியும் வெட்டியானும் இருந்தார்கள். திருட்டு நடந்தால் சேதி கொண்டுபோவது, கைதியோடு ஸ்டேஷனுக்கு நடப்பது, அனாதைப் பிணத்துக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருப்பது, வருகிற போலீஸ்காரனின் மூட்டை தூக்குவது, அவன் குதிரைக்குப் புல் அறுப்பது. இதில் கீழான வேலை எல்லாம் பறையர் தலையில். கூலி என்பது கொஞ்சம் மானிய நிலம், களத்தில் கொஞ்சம் தானியம். அதையும் களத்துக்காரன் மனசு வைத்து அளக்கவேண்டும். பரம்பரை வேலை என்பதால் பதவி உயர்வு என்ற பேச்சே கிடையாது. அப்பன் வெட்டியான், மகன் வெட்டியான். போலீஸ் எந்திரத்தின் கடைசிப் பல் சாதிதான்.

அந்த ஊரில் தண்டனைக்கும் சாதி உண்டு. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ரெகுலேஷன் கிராமத் தலைவருக்குச் சின்னக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் கொடுத்தது. மற்றச் சாதிக்காரனைச் சாவடியில் அடைத்து வைக்கலாம். 'தாழ்ந்த' சாதிக்காரன் என்றால் தொழுமரத்தில் காலை மாட்டி உட்கார வைக்கலாம். வெள்ளைக்காரன் எழுதிய சட்டப்புத்தகத்தில் மனுவின் கையெழுத்து. ராத்திரி ஊருக்குக் காவல் இருந்தவனும், பகலில் தொழுமரத்தில் உட்கார்ந்தவனும் ஒரே தெருக்காரர்கள்.

மராட்டிய தேசத்தில் மகர்களுக்கு இதே கதி, 'வத்தன்' என்ற பெயரில். சர்க்கார் வேலை இருபத்துநாலு மணி நேரமும். அவன் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற இன்னொருவர் வந்து செய்யவேண்டும். கூலி கொடுப்பது சர்க்காரா ஊரா என்பதே தெளிவில்லை. 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் அம்பேத்கர் வத்தன் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தபோது கேட்டது இந்தக் கூலிக் கணக்கைத்தான். போலீஸ் வரலாற்றில் கடைநிலை ஆளின் சம்பளக் குறையைச் சபையில் வைத்துப் பேசிய ஆவணங்களில் அது முக்கியமானது. ஆனால் அதை யாரும் போலீஸ் வரலாறாகப் படிப்பதில்லை. 'தலித் பிரச்சினை' என்று தனி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

சரி, வத்தன் வேண்டாம், வெட்டியான் வேலை வேண்டாம், கான்ஸ்டபிளாகச் சேர்த்துக்கொள் என்று கேட்டால்? அந்தக் கதவும் சாத்தியிருந்தது. 'வீர இனம்' என்று ஒரு தத்துவம் கட்டி, 1890களில் மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். கம்பெனிப் படையில் தலைமுறை தலைமுறையாக ரத்தம் சிந்தியவர்கள் அவர்கள். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே இந்திய மந்திரி குரூ பிரபுவுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். ராணுவத்திலும் போலீசிலும் மகர்களைச் சேர்க்க வேண்டும், கடைநிலையிலாவது இடம் வேண்டும் என்று கேட்டார். துரைமார் சூப்பிரண்டுச் சம்பளம் பத்தவில்லை என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில், நம் ஆட்கள் கான்ஸ்டபிள் ஆக விடு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரன் வீட்டுக்குள் நுழைந்து சோதனை போடவேண்டும், ஆளைத் தொட்டுப் பிடிக்கவேண்டும். தீண்டப்படாதவன் அதை எப்படிச் செய்வான் என்ற வாதத்தை அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. தலித்துகளுக்குப் போலீஸ் வேலை மறுக்கப்பட்டதை அம்பேத்கர் பிரிட்டிஷ் ஆட்சியின் மேல் வைத்த முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்றாகச் சொன்னார்.

தமிழகத்தில் ரெட்டைமலை சீனிவாசன் செய்ததை இந்த இடத்தில் வைத்துப் படிக்கவேண்டும். ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று 1893இல் காங்கிரஸ் கோரிக்கைக்கு இணங்க இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் தீர்மானம் வந்தது. அதை எதிர்த்துப் பறையர் மகாஜன சபை ஒரு விண்ணப்பம் அனுப்பியது. 112 அடி நீளம், 3,412 கையெழுத்துகள். இதைத் தேசத்துரோகம் என்று இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எதற்காக எதிர்த்தார்கள்? மேல்பதவி கேட்கும் 'இந்தியர்' யார் என்று அவர்களுக்குத் தெரியும். வெள்ளைத் துரைக்குப் பதில் ஊர் ஆண்டையே துரையாக வந்து உட்கார்ந்தால் சேரிக்காரன் யாரிடம் போய்ச் சொல்வான்? ஆதிக்கச் சாதியின் பதவிக் குறையைத் தேசத்தின் குறையாக ஏற்க மறுத்த குரல் அது.

6

1946க்கு வருவோம். போர் முடிந்திருந்தது, ரேஷன், பஞ்சம், விலைவாசி. பிப்ரவரியில் கடற்படை மாலுமிகள் எழுந்தார்கள். அதைத் தொடர்ந்து தில்லியிலும் பீகாரிலும் போலீஸ்காரர்கள் சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் போராடினார்கள். பீகாரில் அதை முன்னின்று நடத்திய கான்ஸ்டபிள் ராமானந்த திவாரி சிறைக்குப் போனார். 1967இல் அந்த மாநிலத்தின் போலீஸ் மந்திரியாகவே ஆனார்.

சென்னை மாகாணத்தில் ஏப்ரல் மாதம் மலபார் ஸ்பெஷல் போலீஸ் வேலைநிறுத்தம் செய்தது. எம்.எஸ்.பி. என்றால் அந்தக் காலத்துக் கம்யூனிஸ்டுகளுக்கு வயிறு கலங்கும். 1921இல் மாப்பிள்ளை எழுச்சியை ஒடுக்க உண்டாக்கிய படை அது. சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக் என்று ராணுவப் பதவிப் பெயர்கள். பெயர் ராணுவம், சம்பளம் போலீஸ். மாகாணத்தில் எங்கே கூட்டம் கூடினாலும் சுடுவதற்கு வண்டி ஏறும் அந்தப் படையே ஒருநாள் துப்பாக்கியைக் கீழே வைத்தது. அரசு பேச்சு நடத்தவா செய்தது? நூற்றுக்கணக்கானவர்களை வேலையை விட்டு நீக்கியது. ஏப்ரல் 30இல் பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. ஆட்சி மாறியது, போலீஸ்காரனின் வாய்க்குப் போட்ட சட்டம் மாறவில்லை.

அதே வருஷம் டிசம்பர் 20. வடமலபாரில் கரிவெள்ளூர். சிறக்கல் ராஜாவின் நெல் ஊரைவிட்டுப் போகக்கூடாது, பசித்த ஜனங்களுக்குக் கொடு என்று விவசாயிகள் மறித்தார்கள். எம்.எஸ்.பி. சுட்டது. இருவர் செத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் சோற்றுக்காகத் துப்பாக்கியைக் கீழே வைத்த படை, எட்டு மாதம் கழித்து நெல்லுக்காக நின்றவர்களைச் சுட்டது. எதிர்த்தவர்களைத் துரத்திவிட்டு மிச்சமிருந்தவர்களை வைத்துச் செய்த காரியம். குறை சொன்ன வாயை அடைத்துவிட்டால், சொன்னதைச் செய்யும் கை மட்டும்தான் மிஞ்சும்.

7

சுதந்திரம் வந்த பிறகு இந்தக் கணக்கு தீர்ந்ததா? 1922ஆம் ஆண்டுச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதன் மேல் 1966இல் போலீஸ் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று இன்னொன்றைப் போட்டார்கள். அனுமதியில்லாமல் சங்கம் சேர்ந்தால் குற்றம். ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது, கான்ஸ்டபிளுக்குச் சங்கம் கேட்டால் வேலை போகும். தமிழ்நாட்டில் ஆர்டர்லி முறையை ஒழித்து 1979இலேயே அரசாணை போட்டாயிற்று. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் மறுபடியும் அதை ஒழிக்கச் சொல்லவேண்டியிருந்தது. நாற்பத்துமூன்று வருஷம் அதிகாரி வீட்டில் காய் நறுக்கியவன் யாரிடம் போய்க் குறை சொல்லியிருப்பான்?

இப்போது நம் ஆட்களும் போலீசில் இருக்கிறார்கள். இட ஒதுக்கீட்டால் காம்ப்ளே கேட்ட கதவு திறந்தது. சேரிப் பிள்ளை காக்கி போட்டுக்கொண்டு வந்தால் தாய்க்குச் சந்தோஷம்தான். ஆனால் சட்டை மாறியதால் அந்த எந்திரம் மாறிவிடவில்லை. 1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனார்கள். கூலி உயர்வு கேட்டுச் சிறைக்குப் போனவர்களை விடுதலை செய் என்றார்கள். போலீஸ் அடித்துத் துரத்தியது. தாமிரபரணியில் 17 பேர் பிணமாக மிதந்தார்கள். ஆற்றுக்குள் விரட்டிய கான்ஸ்டபிளுக்கும் கூலி உயர்வு கேட்கச் சட்டத்தில் வழியில்லை. கூலி கேட்கக்கூடாதவனை வைத்துக் கூலி கேட்டவனை அடிக்கிறது அரசு. 1918 தானியக் கலவரத்தில் பார்த்ததும் கரிவெள்ளூரில் பார்த்ததும் இதுவேதான்.

ஆகவே போலீஸ்காரனுக்குச் சங்க உரிமை வேண்டும் என்று தலித் இயக்கங்கள் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. பல தோழர்களுக்கு இது கசக்கும். நம்மை அடிக்கிறவனுக்கு நாம் சங்கம் கேட்பதா? அவன் மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. சங்கம் இருந்தால் அவன் நல்லவனாகிவிடுவான் என்றும் சொல்லவில்லை. வெள்ளை அதிகாரிகளின் சங்கம் தங்களுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கியதே தவிர, ஒரு ஏழைக்கு நியாயம் வாங்கவில்லை. குறையை மேலே சொல்ல வழியில்லாதவன் அதைக் கீழே இறக்கிவைக்கிறான் என்பதை நூற்றைம்பது வருஷமாக நம் முதுகில் படித்திருக்கிறோம். அவன் குறை மேலே போகட்டும், கஜானாவுக்குப் போகட்டும், மந்திரி மேசைக்குப் போகட்டும்.

ஆனால் அதோடு சேர்த்து நம் கணக்கையும் வைக்கவேண்டும். சம்பளக் கமிஷன் உட்காரும்போதெல்லாம் மேல்தட்டு வந்து சாட்சியம் சொல்கிறது, நடுத்தட்டு வந்து மனுக் கொடுக்கிறது. அந்தச் சம்பளத்தின் மிச்சத்தைக் கட்டிய சேரியை ஒரு கமிஷனும் சாட்சியாகக் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு ஊரிலும் மாமூல் கொடுத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், லாக்கப்பில் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். வெட்டியான் வேலை பார்த்து, அளந்த தானியத்தை நினைவில் வைத்திருக்கும் கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மாணவர்கள் அவர்களிடம் போய் உட்காரவேண்டும். எவ்வளவு கொடுத்தீங்க, யாருக்குக் கொடுத்தீங்க, எந்த வருஷம் என்று கேட்டு எழுதவேண்டும். போலீஸ் சம்பளம் பற்றிய அரசு ஆவணங்கள் கட்டுக்கட்டாக ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன. அவற்றில் இல்லாத பக்கம் நம் தெருவில் இருக்கிறது. அதை எழுதவேண்டியவர்கள் நாம்தான்.